அட்டையில் உள்ள ஊசிகளும் இல்லாத ஊசிகளும்

தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள். 45-ஆம் நாள் ஊசி, 75-ஆம் நாள் ஊசி, 105-ஆம் நாள் ஊசி, ஒன்பதாம் மாத ஊசி, ஒன்றரை வயது ஊசி என்று நாள் கணக்கை வைத்துத்தான் தாய்மார்கள் அவற்றைச் சொல்வார்கள். உள்ளே இருப்பது எந்த மருந்து என்பது செவிலியரின் பதிவேட்டில் இருக்கும். அதே ஊரின் கடைத்தெருவில், தனியார் குழந்தை மருத்துவரின் அறைச் சுவரில் வேறோர் அட்டவணை தொங்கும். அதில் வரிகள் அதிகம். சின்னம்மை, மஞ்சள் காமாலை, டைபாய்டு, ஆண்டுதோறும் ஃப்ளூ என்று நீண்டுகொண்டே போகும். இரண்டையும் பார்த்துவிட்டு வரும் பெற்றோருக்கு இயல்பாக எழும் கேள்வி ஒன்றுதான்: இதெல்லாம் வேண்டும் என்றால் அரசு ஏன் தரவில்லை? வேண்டாம் என்றால் டாக்டர் ஏன் போடச் சொல்கிறார்?

தடுப்பூசி பற்றிய பேச்சு நம்மிடையே பெரும்பாலும் போடுவதா, வேண்டாமா என்ற சண்டையாகவே நடக்கிறது. அடியோடு வேண்டாம் என்பவர்கள் இங்கே சிறு கூட்டம். மிகப் பெரும்பாலான வீடுகளில் எதைப் போடுவது, எங்கே, எப்போது, எவ்வளவு செலவில் என்பதுதான் பேச்சு. இந்தக் கேள்விக்கு அரசு, “முடிவெடுக்க ஒன்றுமில்லை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள்” என்கிறது. தனியார் மருத்துவமனை, “எல்லாம் உங்கள் விருப்பம்” என்று விலைப்பட்டியலை நீட்டுகிறது. காரணத்தைச் சொல்லும் வேலையை இருவருமே தட்டிக்கழிக்கிறார்கள். அரசுத் தடுப்பூசி அட்டையில் உள்ள எல்லா ஊசிகளையும் தவறாமல் போட வேண்டும் என்ற கட்சியைச் சேர்ந்தவன் நான். ஆனாலும் இந்த மாநிலத்தின் எழுபது ஆண்டு வரலாற்றைப் பார்த்தால், விளக்கம் வராத இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் சந்தேகம் முளைத்திருக்கிறது.

சந்தேகம் வாட்ஸ்அப்போடு வந்தது என்று நினைப்பவர்கள் 1955-ஐப் பார்க்க வேண்டும். காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை நாடெங்கும் போடும் இயக்கம் அப்போது வேகமெடுத்திருந்தது. மருந்து சென்னை கிண்டியில் 1948-இல் தொடங்கிய ஆய்வகத்திலிருந்து வந்தது. அதை எதிர்த்துக் கிளம்பியவர் அதற்கு முந்தைய ஆண்டுவரை முதலமைச்சராக இருந்த ராஜாஜி. ஏன் எதிர்க்கிறேன் என்று தனி நூலே வெளியிட்டார். அவருக்கும் முன்பே ஏ.வி. ராமன் என்ற ஓய்வுபெற்ற பொறியாளர் பத்திரிகைகளில் இந்தப் போரைத் தொடங்கியிருந்தார். நோயில்லாத குழந்தைகளின் உடம்பில் உயிருள்ள கிருமியை, அது எவ்வளவு வீரியம் குறைந்ததாக இருந்தாலும், லட்சக்கணக்கில் ஏற்றலாமா என்பது அவர்களின் வாதம். மத்திய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ருத் கௌர் அசையவில்லை, இயக்கம் தொடர்ந்தது.

இதன் அடுத்த அத்தியாயம் செங்கல்பட்டில் நடந்தது. 1968-இல் அந்த மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, உலகிலேயே மிகப் பெரிய பி.சி.ஜி. சோதனையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கியது. பத்தாண்டு கழித்து வந்த முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. அப்படியானால் ராஜாஜி சொன்னது சரியா? இல்லை. அவர் அஞ்சியது தீங்குக்கு. அப்படிப்பட்ட தீங்கு தென்படவில்லை. கைக்குழந்தைகளின் மூளைச் சவ்வைத் தாக்கும் காசநோயையும், உடம்பு முழுக்கப் பரவும் காசநோயையும் இந்த ஊசி தடுக்கிறது என்பது வேறு ஆய்வுகளில் உறுதிப்பட்டது. இன்றும் பிறந்தவுடன் இடது தோளில் அதைப் போடுவது அதற்காகத்தான். ஒரு தடுப்பூசி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று சொந்த மண்ணிலேயே கண்டறிந்து உலகுக்குச் சொன்ன மாநிலம் இது. தோளில் தழும்போடு திரியும் கோடிக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அடுத்து 2008. அந்த ஆண்டு ஜனவரியில் மத்திய அரசு மூன்று பொதுத்துறைத் தடுப்பூசி நிறுவனங்களின் உரிமத்தை நிறுத்திவைத்தது. அவற்றில் இரண்டு தமிழ்நாட்டில் இருந்தவை: கிண்டி பி.சி.ஜி. ஆய்வகமும் குன்னூர் பாஸ்டர் நிறுவனமும். தர நெறிமுறைகள் நிறைவேறவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். உற்பத்தி தனியார் கைக்குப் போக வழிவிடுகிறார்கள் என்று எதிர்ப்பு எழுந்தது. 2010-இல் தடை நீக்கப்பட்டது. இதற்கிடையே 2008 ஏப்ரல் 23 அன்று, புதன்கிழமை, திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன.

இதன் பிறகு, கிராமத்துத் துணை சுகாதார நிலையங்களில் ஊசி போடுவதை அரசு நிறுத்தியது. மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால்தான் ஊசி என்றானது. பாதுகாப்பு கருதி எடுத்த முடிவுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் தெருமுனையில் கிடைத்த ஊசிக்குப் பஸ் ஏறிப் போக வேண்டியதாயிற்று. கூலி வேலைக்காரிக்கு ஒரு நாள் சம்பளம் போயிற்று. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 2005-06-இல் தமிழ்நாட்டுக் குழந்தைகளில் 80.9 விழுக்காட்டினர் எல்லா ஊசிகளும் பெற்றிருந்தார்கள். 2015-16-இல் அது 69.7 ஆகச் சரிந்தது. பத்தாண்டுச் சரிவை ஒரு சம்பவத்தின் தலையில் மட்டும் கட்ட முடியாது. இருந்தாலும் பொதுச் சுகாதாரத்தில் முன்னோடி என்று பெயரெடுத்த மாநிலம் ஒரே தசாப்தத்தில் பதினோரு புள்ளி பின்னுக்குப் போனதற்கு அஞ்சிய பெற்றோரை மட்டும் காரணம் காட்டினால் கணக்கு இடிக்கும். 2019-21-இல் அது 89.2 ஆக ஏறியது. அஞ்சிய அதே ஊர்க்காரர்கள்தான் திரும்பி வந்தார்கள்.

குழந்தை இறப்பு பற்றிய இந்த அச்சத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 9 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. முதல் மாதத்தைத் தாண்டிய பிறகு, ஒரு வயதுக்குள் ஆயிரத்தில் மூன்று குழந்தைகள் ஏதோ ஒரு காரணத்தால் இறப்பதாகக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2,700 மரணங்கள். அந்தப் பதினோரு மாதங்களில் ஊசி நாட்கள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் அந்த நாளையும் மறுநாளையும் சேர்த்தால் எட்டு நாட்கள். ஊசி என்ற ஒன்றே இல்லாத உலகிலும் அந்த எட்டு நாட்களுக்குள் அறுபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்திருக்கும். ஊசி இருக்கும் உலகில் அவை அத்தனையும் “ஊசி போட்ட மறுநாள்” மரணங்களாகச் செய்தித்தாளில் வரும். முன்பின்னாக நடப்பதெல்லாம் காரணகாரியம் ஆகிவிடாது என்பதை மகன் மகளைப் பறிகொடுத்தவர்களிடம் சொல்வது கொடுமை. ஆனால் மற்றவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆனால் இதே கணக்கைக் காட்டி எல்லாவற்றையும் தற்செயல் என்று மூடிவிடவும் முடியாது. ஒரே மாவட்டத்தில் ஒரே நாளில் நான்கு குழந்தைகள் இறப்பது தற்செயல் கணக்குக்குள் வராது. அங்கே கேட்க வேண்டியவை வேறு: மருந்துக் குப்பியில் கோளாறா, கலக்கும் நீரில் கோளாறா, வைத்திருந்த விதத்திலா, போட்ட கையிலா? அமெரிக்காவில் 1998-இல் அனுமதி பெற்ற முதல் ரோட்டா வைரஸ் மருந்து, ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு குழந்தைக்குக் குடல் செருகலை உண்டாக்கியது தெரியவந்ததும் மறு ஆண்டே சந்தையிலிருந்து போய்விட்டது. இலங்கையில் 2008 ஜனவரியில் தொடங்கிய ஐந்து நோய் ஊசியை, சில குழந்தைகள் இறந்ததும் ஏப்ரலில் நிறுத்தினார்கள். விசாரித்து, 2010-இல் மீண்டும் கொண்டுவந்தார்கள். நிறுத்தவும் ஆராயவும் திரும்பக் கொண்டுவரவும் தெரிந்த அமைப்பை மக்கள் நம்புவார்கள். தமிழ்நாடும் கேரளமும் 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் அதே ஊசிக்கு மாறின. அந்த மாற்றத்தை எதிர்த்த டெல்லிக் குழந்தை மருத்துவர் ஜேக்கப் புலியேல் போன்றவர்கள் எழுப்பிய கேள்விகளை நான் முழுக்க ஏற்கவில்லை. ஆனால் அவற்றுக்குத் தரவுகளோடு பதில் சொல்வதை விட்டுவிட்டு, கேட்டவரைத் தடுப்பூசி எதிரியாக்கியது நல்ல வழக்கமில்லை.

2017 பிப்ரவரியில் நடந்தது இன்னும் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட ஒன்றே முக்கால் கோடிப் பிள்ளைகளுக்குத் தட்டம்மை–ருபெல்லா ஊசி போட அரசு இறங்கியது. பெரும்பாலும் பள்ளிகளிலேயே போட ஏற்பாடு. ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அரசாங்கமே யார் கையில் என்ற குழப்பம் வேறு. வெளிநாட்டுச் சதி, மலட்டு ஊசி, பரிசோதனை மருந்து என்று குரல் பதிவுகள் கைபேசிக்குக் கைபேசி தாவின. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டவர்கள் உண்டு. பிப்ரவரியில் முடிய வேண்டியது மார்ச்சுக்குள் நீண்டது.

வதந்தியைப் பரப்பியவர்களைத் திட்டுவது எளிது. பெற்றோர் கேட்டவற்றில் மூன்று கேள்விகள் நியாயமானவை. முதலாவது, இதுவரை இல்லாத ருபெல்லா திடீரென்று ஏன்? உண்மையில் அது புதிதில்லை. காசு கொடுக்க முடிந்த வீட்டுக் குழந்தைகள் பல ஆண்டுகளாகத் தனியாரிடம் எம்.எம்.ஆர். என்ற பெயரில் அதைப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். வசதி உள்ளவர்கள் விலை கொடுத்து வாங்கியது ஏழைகளுக்கு இலவசமாக வந்தபோது சதியாகத் தெரிந்தது. அதைச் சொல்லியிருந்தாலே பாதி வதந்தி அடங்கியிருக்கும்.

இரண்டாவது, ஏற்கெனவே தட்டம்மை ஊசி போட்டாயிற்று, மறுபடி எதற்கு? மூன்றாவது, ருபெல்லா கர்ப்பிணிக்குத்தான் ஆபத்து என்கிறீர்கள், என் மகனுக்கு எதற்கு? இந்த இரண்டுக்கும் பதில் ஒன்றே. ருபெல்லா குழந்தைக்கு வந்தால் லேசான காய்ச்சலும் தடிப்பும்தான். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு வந்தால் கருவிலிருக்கும் பிள்ளையின் கண், காது, இதயம் பாதிக்கப்படும். 1990-களில் மதுரையில் நடந்த ஓர் ஆய்வில், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வந்த கண்புரையில், அடிபட்டதால் வந்தவை நீங்கலாக, கால்பங்குக்கு ருபெல்லாவே காரணம் என்று தெரியவந்தது. ஆனால் கைக்குழந்தைகளில் பாதிப் பேருக்கு மட்டும் ஊசி போட்டு நிறுத்தினால் விபரீதமாகிவிடும். கிருமியின் நடமாட்டம் குறையும். ஊசி போடாத பெண் குழந்தைக்குச் சிறுவயதில் வந்துபோக வேண்டிய நோய் தள்ளிப்போய் அவள் கர்ப்பமாக இருக்கும்போது வரும். கிரேக்கத்தில் 1993-இல் இப்படித்தான் நடந்தது. அதனால்தான் ஆண், பெண், சிறியவர், பெரியவர் என்று பாராமல் ஒரே மூச்சில் எல்லோருக்கும் போட வேண்டியிருந்தது. பள்ளி அறிவிப்புத் தாளில் நான்கு வரியில் எழுதியிருக்கக்கூடிய விஷயம் இது.

இன்னொரு வகை மறுப்பு, படித்த நடுத்தர வீடுகளில், குறிப்பாக மரபு வாழ்வியல் பேசும் வட்டங்களில் இருக்கிறது. நோய் வந்து போனால் உடம்பு தானாகவே தேறும், ஊசி அதைக் கெடுக்கும் என்பது இவர்கள் வாதம். கார்ப்பரேட் மருத்துவத்தின் மீதுள்ள கசப்பு இதற்குத் தீனி. அந்தக் கசப்பில் நியாயம் இருக்கிறது, வாதத்தில் இல்லை. தட்டம்மை உடம்பைத் தேற்றுவதில்லை. ஊசி போடாமல் தட்டம்மை வந்த நெதர்லாந்துக் குழந்தைகளின் இரத்தத்தை முன்னும் பின்னும் ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வு, மற்ற நோய்களுக்கு எதிராக அவர்கள் உடம்பு சேர்த்துவைத்திருந்த எதிர்ப்புப் பொருள்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை அழிந்துபோயிருந்ததைக் காட்டியது. எம்.எம்.ஆர். ஊசியால் ஆட்டிசம் வரும் என்ற கதைக்கு இங்கே அதிக இடம் தேவையில்லை. பன்னிரண்டு குழந்தைகளை வைத்து எழுதப்பட்ட 1998 கட்டுரையை வெளியிட்ட இதழே 2010-இல் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்ததில் எந்தத் தொடர்பும் இல்லை.

இனித் தனியார் அட்டவணைக்கு வருவோம். பெற்றோர் மெய்யாகவே முடிவெடுக்கும் இடம் இதுதான். முதல் ஏமாற்று “வலியில்லா ஊசி”. அரசு ஊசியில் கக்குவான் இருமலுக்கு எதிராக முழுக் கிருமியைக் கொன்று சேர்த்திருப்பார்கள். அதனால் காய்ச்சல் வரும், தொடை வீங்கும், அன்றிரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. தனியாரின் விலை கூடிய ஊசியில் கிருமியின் சில துண்டுகள் மட்டுமே, காய்ச்சல் குறைவு. விலை பல ஆயிரம் என்பதால் சக்தியும் அதிகம் என்று நம்புகிறார்கள். நேர்மாறு. துண்டு ஊசியின் பாதுகாப்புச் சீக்கிரம் தேய்கிறது. அதற்கு முழுக்க மாறிய மேலை நாடுகளில் கக்குவான் திரும்ப வந்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். ஓர் இரவுத் தூக்கத்துக்காகச் செலவழிப்பது அவரவர் விருப்பம். அது உயர்ந்த மருந்து என்று சொல்லி விற்பது தவறு.

நிமோகாக்கல் ஊசியின் கதை வேறு. அது உயிர் காக்கும் ஊசி. தனியாரிடம் ஒரு தவணைக்கு ஏறத்தாழ 3,800 ரூபாய் விற்ற காலம் உண்டு. நான்கு தவணைக்கு ஒரு குடும்பத்தின் மாத வருமானமே கரைந்துவிடும். நெரிசலான ஒற்றை அறை வீட்டில், விறகடுப்புப் புகையில் வளரும் பிள்ளைக்குத்தான் நிமோனியா எமன். ஆனால் ஊசி முதலில் போய்ச் சேர்ந்தது அடுக்குமாடிக் குழந்தைகளுக்கு. 2021-இல்தான் நாடு முழுவதும் அரசு அட்டையில் அது ஏறியது. அட்டையில் இல்லை என்பதற்கு அவசியமில்லை என்று பொருள் கொள்ள முடியாது என்பதற்கு இது போதுமான சான்று.

ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து நம் ஊரோடு இன்னும் நெருக்கமானது. டெல்லிப் பச்சிளங்குழந்தைகளிடம் கண்டெடுத்த கிருமியிலிருந்து உருவாக்கிய ரோட்டாவாக் மருந்தைச் சோதித்த மூன்று ஊர்களில் வேலூரும் ஒன்று. கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அந்தப் பணிக்குத் தலைமை ஏற்றவர் ககன்தீப் காங். கடுமையான ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கை முதல் ஆண்டில் 56.4 விழுக்காடு தடுத்தது என்று 2014-இல் முடிவு வந்தது. பாதிதானா என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் உண்டு. நோய் அடிக்கடி வரும் ஊரில், அது குழந்தைகளை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வைக்கும் ஊரில், பாதி என்பது ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் பாட்டில்கள். இந்த மருந்தும் மிக அரிதான குடல் செருகலுக்கான கண்காணிப்புக்கு உட்பட்டது. ஊசி அறையிலேயே சொல்லிவிட வேண்டியது இது.

மீதியை எப்படி வரிசைப்படுத்துவது? என் கணிப்பில் முதலில் வருவது டைபாய்டு. வேலூர் உள்ளிட்ட நகர்ப்புற இடங்களில் நடந்த கண்காணிப்பில் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 576 முதல் 1,173 பேர் வரை டைபாய்டு காய்ச்சலுக்கு ஆளாகியிருந்தார்கள். ஹைதராபாதில் தயாரான ஊசிக்கு உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே பச்சைக்கொடி காட்டிவிட்டது. குழாய்த் தண்ணீரை நம்ப முடியாத ஊரில் இருப்பவர், காசு இருந்தால், இதில் தயங்க வேண்டியதில்லை. சின்னம்மையும் மஞ்சள் காமாலை ஏ வகையும் சிறுவயதில் லேசாக வந்துபோகும், பெரியவர்களானபின் படுத்தும். சுத்தமான சூழலில் வளர்ந்து சிறுவயதில் அவற்றைச் சந்திக்காமல் போகும் பிள்ளைகளுக்கே இந்த ஊசிகள் அதிகம் பயன்படும். ஃப்ளூ ஊசி ஆண்டுதோறும் போட வேண்டியது. ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு முன்னுரிமை. இவை எல்லாவற்றையும்விட முக்கியம், அட்டையில் உள்ளவை நாள் தவறாமல் முடிந்திருப்பது. மூவாயிரம் ரூபாய் ஊசியைப் போட்டுவிட்டு ஒன்றரை வயது தட்டம்மைத் தவணையைத் தவறவிடும் வீடுகள் இருக்கின்றன.

தவறுவதற்கு அச்சம் மட்டுமே காரணமில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தை தகப்பன் வீடு போகும். ஊசி ஒரு மாவட்டத்தில் பாக்கி, அட்டை இன்னொரு மாவட்டத்தில் பீரோவுக்குள். சளி பிடித்திருக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்பது இன்னொன்று. சளியோ லேசான காய்ச்சலோ ஊசியைத் தள்ளிப்போடக் காரணமில்லை. முந்தைய தவணையில் மூச்சுத்திணறல் போன்ற கடும் ஒவ்வாமை வந்த குழந்தை, நோய் எதிர்ப்பாற்றல் பிறவியிலேயே குறைந்த குழந்தை ஆகியோருக்குத்தான் மருத்துவரின் தனி ஆலோசனை தேவை. தவறிய தவணைக்காக முதலிலிருந்து தொடங்கவும் வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

சட்டம் இந்த முடிவை யாரிடம் தந்திருக்கிறது? பெற்றோர் சம்மதம் இல்லாமல் பள்ளிகளில் தட்டம்மை–ருபெல்லா ஊசி போட முடியாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. ஜேக்கப் புலியேல் தொடுத்த வழக்கில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், எவரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்றது. பக்கவிளைவுகளை மக்களே நேரடியாகப் பதிவுசெய்ய வழி வேண்டும் என்றும் சொன்னது. அது கொரோனா வழக்கு என்றாலும் உடல்மீதான உரிமை பற்றிய வரி எல்லோருக்கும் பொது. இன்னொரு பக்கம், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகையின் சில தவணைகளை அரசு குழந்தையின் ஊசிகளோடு முடிச்சுப் போட்டிருக்கிறது. கட்டாயமில்லை, ஆனால் போட்டால் பணம். ஏழைத் தாய்க்கு இது பஸ் செலவையும் இழந்த கூலியையும் ஈடுகட்டுகிறது என்பதால் நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் கையில் வரும் பணம் கேள்விக்குப் பதிலாகிவிடாது.

ஊசி போட்டதும் செவிலியர் தாயிடம் நான்கு செய்திகளைச் சொல்ல வேண்டும் என்பது திட்டத்தின் விதி: எந்த ஊசி எந்த நோய்க்கு; என்ன பக்கவிளைவு வரலாம், வந்தால் என்ன செய்வது; அடுத்து எப்போது வர வேண்டும்; அட்டையைப் பத்திரமாக வைத்துக் கொண்டுவருவது. பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கச் சொல்ல வேண்டும். வரிசையில் நாற்பது குழந்தைகள் அழும் புதன்கிழமையில் இந்த நான்கையும் சொல்லி முடிக்கும் செவிலியருக்குக் கோயில் கட்டலாம். அந்த அரை மணி நேரத்தில் ஒரு தாய் கேட்கக்கூடும்: “தனியார்ல மூணு நோய்க்கும் சேர்த்து ஒரே ஊசி இருக்காமே சிஸ்டர், இங்க ஏன் தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் மட்டும்?” 2024-இல் கேரளத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்ததைச் செய்தியில் பார்த்துவிட்டு வந்தவளாக இருக்கலாம். பதில் இருக்கிறது. பொன்னுக்கு வீங்கி பெரும்பாலும் உயிரைப் பறிப்பதில்லை. உள்ள பணத்தை முதலில் உயிர் பறிக்கும் நோய்களுக்குச் செலவிட அரசு முடிவு செய்தது. அந்த முடிவை மாற்ற வேண்டும் என்று குழந்தை மருத்துவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்த மூன்று வாக்கியங்களை அந்தச் செவிலியரிடம் யாரும் கொடுத்தனுப்பவில்லை.